1858 என்று பொறித்த ஜாடி: பழைய அமெரிக்கக் கண்ணாடி ஜாடிகளின் விலை எங்கிருந்து வருகிறது?

அமெரிக்காவில் பழைய சாமான் கடைக்குள் நுழைந்தால் ஏதாவது ஒரு அலமாரியில், பழத்தையும் காயையும் கெடாமல் அடைத்து வைக்கும் இந்த 'மேசன்' ஜாடி நிச்சயம் இருக்கும். லேசான நீலப்பச்சைக் கண்ணாடி, அகன்ற வாய், துத்தநாக மூடி. வயிற்றுப் பகுதியில் புடைத்து நிற்கும் எழுத்துகளில் 'மேசன்ஸ் பேட்டன்ட் நவம்பர் 30, 1858' என்று ஆங்கிலத்தில் இருக்கும். வருஷத்தைப் பார்த்ததும் மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பொருள், சில நூறு டாலராவது தேறாதா?

தேறாது. சாதாரண அளவு, சாதாரண நிறம் என்றால் இருபது டாலருக்குப் போனாலே நல்ல விலைதான்.

காரணம் எளிது. அந்தத் தேதி, ஜாடி செய்யப்பட்ட தேதி இல்லை. திருகு மூடி உட்காரும் கழுத்தின் வடிவமைப்புக்குக் காப்புரிமை கிடைத்த தேதி. காப்புரிமைக் காலம் முடிந்து பல வருஷங்கள் ஆன பிறகும் டஜன்கணக்கான கண்ணாடித் தொழிற்சாலைகள் அதே வாசகத்தை அச்சில் பொறித்து, லட்சக்கணக்கில் வார்த்துத் தள்ளின. 1858 என்று போட்ட ஜாடிகளில் கணிசமானவை 1880-க்கும் 1910-க்கும் இடையில் செய்யப்பட்டவை. அந்த வாசகம் அப்போது ஒரு தர முத்திரை போல ஆகிவிட்டிருந்தது. அது இருந்தால் வீட்டுப் பெண்கள் நம்பி வாங்கினார்கள்.

இந்தச் சேகரிப்புக்குள் வருகிறவர்கள் முதலில் மனதில் வாங்க வேண்டியது இது: பழமை வேறு, அருமை வேறு. இன்னும் கொஞ்சம் தூரம் போய்ச் சொல்வேன். இந்த ஜாடிகளில் நன்றாக வேலை செய்தவை, மக்கள் விரும்பி வாங்கியவை எல்லாம் இன்று மலிவு. சந்தையில் தோற்றுப்போனவை, யாரும் வாங்காமல் விட்டவை, அவைதான் இன்று ஏலத்தில் பறக்கின்றன. ஏன் அப்படி என்று புரிய, இந்த ஜாடி எதற்காகப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்கலாம்.

உணவை அடைத்து வைக்கும் பாடு

பிரான்சில் நிக்கோலா அப்பேர் என்று ஒரு மிட்டாய் வியாபாரி இருந்தார். உணவைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, கார்க்கால் இறுக்கி அடைத்து, வெந்நீரில் கொதிக்க வைத்தால் மாதக்கணக்கில் கெடாது என்பதைப் பல வருஷ முயற்சிக்குப் பின் நிறுவினார். 1810-ல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 ஃபிராங்க் பரிசு கொடுத்தது. ஏன் கெடாமல் இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது. லூயி பாஸ்டர் வந்து நுண்ணுயிர்களின் வேலையை விளக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது.

நம் வீட்டு ஊறுகாய்க்கு இவ்வளவு பாடு கிடையாது. உப்பும் எண்ணெயும் புளிப்பும் காவல் இருக்கும்போது, ஜாடி வாயில் துணியைக் கட்டி வைத்தாலே ஒரு வருஷம் நிற்கும். ஆனால் பீச் பழத்தையும் தக்காளியையும் அதன் சுவை மாறாமல் பனிக்காலம் முழுக்க வைத்துச் சாப்பிட வேண்டுமென்றால், காற்று துளிகூட உள்ளே போகக் கூடாது. ஜாடியைச் சூடாக்கும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியேறும். ஆறும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, வெளிக்காற்று மூடியைத் தானாகவே அழுத்திப் பிடிக்கும். மூடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் வளையம் இடைவெளியை அடைக்கும். தத்துவம் இவ்வளவுதான். சிக்கலெல்லாம் மூடியில்தான் இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் புழங்கிய ஜாடிகளில் ஒரு வகைக்கு வாயைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்கும். அதில் தகர மூடியை வைத்து, மெழுகை உருக்கி ஊற்றுவார்கள். திறக்கும்போது அந்த மெழுகைக் கொத்தி எடுக்க வேண்டும். துணுக்குகள் பழத்தில் விழும். ஒழுங்காக ஒட்டாமல் போனால் மொத்தமும் கெட்டுவிடும். சேகரிப்பவர்கள் இன்றும் இந்த வகையை 'வாக்ஸ் சீலர்' என்றே சொல்கிறார்கள்.

ஜான் லேண்டிஸ் மேசன் இந்த இடத்தில் வருகிறார். 1832-ல் நியூஜெர்சி மாநிலத்தில் பிறந்தவர். தொழிலில் தகர வேலைக்காரர். திருகு மூடி அவர் கண்டுபிடிப்பு இல்லை. அது முன்பே இருந்தது. ஆனால் ஊதிச் செய்யும் கண்ணாடியில் மரை ஒழுங்காக அமையாது. மூடி ஒரு பக்கம் உட்காரும், இன்னொரு பக்கம் தூக்கிக்கொள்ளும். மேசன் செய்தது, கழுத்தில் ஓடும் மரை ஜாடியின் தோளைத் தொடுவதற்கு முன்பே மெல்லத் தேய்ந்து மறையும்படி அச்சை அமைத்தது. அதனால் மூடி தடையில்லாமல் கீழே இறங்கி, தோளில் இருக்கும் ரப்பர் வளையத்தைச் சுற்றிலும் ஒரே சீராக அழுத்தும். பார்க்க அற்ப விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் மெழுகு உருக்கும் வேலை இதோடு ஒழிந்தது. ஒரு தடவை வாங்கிய ஜாடியை வருஷா வருஷம் பயன்படுத்த முடிந்தது.

கண்டுபிடித்தவருக்கு அதில் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. உரிமைகள் வேறு நிறுவனங்களின் கைக்குப் போயின. 1879-ல் காப்புரிமைக் காலமும் முடிந்தது. மேசன் 1902-ல் நியூயார்க்கில் வறுமையில் இறந்தார். உலகம் முழுக்க இன்று சமையலறைகளில் புழங்கும், சென்னை காபிக் கடைகளில்கூடக் குளிர்பானம் ஊற்றிக் கொடுக்கும் ஒரு பொருளுக்கு அவர் பெயர் நிற்கிறது என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

அவருடைய துத்தநாக மூடியிலும் ஒரு குறை இருந்தது. உணவின் புளிப்பு உலோகத்தில் பட்டு ருசி கெட்டது. 1869-ல் லூயிஸ் பாய்டு என்பவர் மூடியின் உட்புறத்தில் வெள்ளைக் கண்ணாடித் தட்டு ஒன்றைப் பதிக்கக் காப்புரிமை வாங்கினார். பழைய மூடிகளைத் திருப்பிப் பார்த்தால் வட்டமான வெள்ளைத் தட்டில் அவர் பெயர் இருக்கும். 'போர்சிலின்' என்று அதில் எழுதியிருந்தாலும் அது பீங்கான் இல்லை, கண்ணாடிதான்.

மேசனின் காப்புரிமை முடிந்ததும் கதவு திறந்துவிட்டது. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் ஐந்து சகோதரர்கள், சித்தப்பா ஒருவரிடம் 200 டாலர் கடன் வாங்கி 1880-ல் தகர டப்பா தொழில் தொடங்கியிருந்தார்கள். குடும்பப் பெயர் பால் (ஆங்கிலத்தில் Ball). 1884 வாக்கில் கண்ணாடி ஜாடிக்கு மாறினார்கள். 1886-ல் தொழிற்சாலை எரிந்தது. அந்தச் சமயம் இண்டியானா மாநிலத்தில் இயற்கை எரிவாயு பொங்கிக்கொண்டிருந்தது. மன்சி என்ற ஊர், எங்களிடம் வாருங்கள், நிலமும் எரிவாயுவும் தருகிறோம் என்று அழைத்தது. கண்ணாடி உலைக்கு எரிபொருள்தான் பெரிய செலவு, அவர்கள் போய்விட்டார்கள். பால் பிரதர்ஸ் அதற்குப் பிறகு அந்தத் தொழிலையே ஆண்டது. அந்த ஊரிலுள்ள பால் ஸ்டேட் பல்கலைக்கழகம் இந்தக் குடும்பத்தின் பெயரால் வந்ததுதான். இன்று நம் கையில் அகப்படும் பழைய ஜாடிகளில் பெரும்பகுதி இவர்களுடையது.

தோற்றவற்றின் விலை

இப்போது விலைக்கு வருவோம்.

1850-களிலிருந்து அரை நூற்றாண்டுக்கு மூடிகளுக்காகவே எண்ணற்ற காப்புரிமைகள் பதிவாயின. ஆப்பு, கொக்கி, கம்பி, நுகத்தடி மாதிரிக் குறுக்குச் சட்டம், அதில் ஒரு திருகாணி என்று ஆளுக்கு ஒரு யோசனை. பெரும்பாலானவை பயன்படுத்தத் தொல்லை பிடித்தவை. செலவும் அதிகம். ஓரிரு வருஷம் செய்து பார்த்து, விற்காமல் நிறுத்திவிட்டார்கள். கொஞ்சமே செய்யப்பட்டதால் கொஞ்சமே தப்பிப் பிழைத்தன. அந்த விசித்திர மூடியோடு முழுசாக ஒன்று கிடைத்தால் சேகரிப்பவர்கள் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் கொடுத்து எடுக்கிறார்கள்.

மாறாக, ஓரளவு வெற்றி கண்ட ஒன்றைப் பாருங்கள். நியூஜெர்சியின் மில்வில் நகரத்தில் செய்யப்பட்ட 'மில்வில் அட்மாஸ்ஃபெரிக்' ஜாடியில் 1861 ஜூன் 18 என்ற காப்புரிமைத் தேதி இருக்கும். கண்ணாடி மூடி, அதன்மேல் இரும்புக் கவ்வி, திருகாணி. அழகான பொருள். மேசனின் ஜாடிகளில் பெரும்பாலானவற்றைவிட நிஜமாகவே பழையது. ஆனாலும் கணிசமாக விற்றதால் இன்றும் ஓரளவு கிடைக்கிறது. சாதாரண நிறத்தில் இருந்தால் சில பத்து டாலர்களில் முடிந்துவிடும். பழமையை மட்டும் வைத்து விலை சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

நிறத்திலும் இதே கதைதான்.

மணலில் இரும்புச் சத்து இயல்பாகவே கலந்திருக்கும். அதை நீக்காமல் உருக்கினால் கண்ணாடி நீலப்பச்சையாக வரும். அந்தக் காலத்தில் அதுதான் மலிவான, சாதாரணக் கண்ணாடி. சேகரிப்பவர்கள் 'அக்வா' என்பார்கள். பால் பிரதர்ஸின் ஜாடிகள் அதைவிடக் கொஞ்சம் அழுத்தமான நீலம். மிச்சிகன் ஏரிக்கரை மணலிலிருந்து அந்த நிறம் வந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அந்தக் கரையில் ஹூசியர் ஸ்லைடு என்று உயர்ந்த மணல்மேடு ஒன்று இருந்தது. கண்ணாடித் தொழிற்சாலைகளுக்காக வண்டி வண்டியாக அள்ளி, 1920 வாக்கில் தரைமட்டமாக்கிவிட்டார்கள். ஒரு மலை போன்ற மேடு ஜாடிகளாக மாறி வீடு வீடாகப் போய்விட்டது என்பது இந்த நீலத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வரும். 1930-களின் இறுதியில் நீல ஜாடி செய்வதை நிறுத்தினார்கள்.

ஆனால் அந்த நீலம் அரிதானது இல்லை. 'பால் பெர்ஃபெக்ட் மேசன்' என்று பொறித்த நீல நிற ஒரு குவார்ட் ஜாடி, அதாவது ஏறக்குறைய 950 மில்லி பிடிக்கும் அளவு, பொதுவாக 5 முதல் 15 டாலருக்குள் கிடைக்கும். கண்ணுக்கு அழகாக இருப்பதால் கடைக்காரர்கள் சிலர் கூடுதலாகச் சொல்வார்கள், கொடுக்கத் தேவையில்லை.

விலை ஏறுவது பழுப்பு, கரும்பச்சை, அடர்நீலம் போன்ற நிறங்களில். பழுப்புக் கண்ணாடி வெளிச்சத்தைத் தடுக்கும் என்பதால் உணவுக்கு நல்லதுதான். ஆனால் வாங்குகிற பெண்களுக்கு உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். பழம் நிறம் மாறியிருக்கிறதா, நுரை கட்டியிருக்கிறதா என்று பார்த்துதான் திறப்பார்கள். கண்காட்சியில் பரிசுக்கு வைக்கவும், பக்கத்து வீட்டாருக்குக் காட்டவும் நிறமற்ற கண்ணாடிதான் தோது. அதனால் அழுத்தமான நிறங்கள் விற்கவில்லை. அதனாலேயே இன்று அரிது. கம்பி மூடி போட்ட 'லைட்னிங்' ஜாடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1882-ல் காப்புரிமை பெற்று அமோகமாக விற்றது. நீலப்பச்சையில் இருந்தால் சில டாலர். அதே ஜாடி பழுப்பில் இருந்தால் சில பத்து டாலர். அசல் கோபால்ட் அடர்நீலத்தில் பழைய ஜாடி என்றால் அது வேறு உலகம். பெரிய ஏலங்களில் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகும்.

இளம் ஊதா நிறத்தில் சில ஜாடிகளைப் பார்ப்பீர்கள். அவை செய்யும்போது நிறமற்றவை. இரும்பால் வரும் பச்சையைப் போக்க உருக்கில் மாங்கனீசு சேர்ப்பார்கள். வருஷக்கணக்கில் வெயிலில் கிடந்தால் அந்த மாங்கனீசு புற ஊதாக் கதிரால் மாறி, கண்ணாடிக்கு மெல்லிய ஊதா நிறம் ஏறிவிடும். முதல் உலகப் போர்க் காலத்துக்குப் பிறகு மாங்கனீசுக்குப் பதில் செலினியம் வந்துவிட்டது. ஆகவே இந்த ஊதா, ஜாடியின் வயதைச் சொல்லும் நல்ல தடயமும்கூட.

அளவைப் பற்றிச் சுருக்கமாக: குவார்ட்தான் மிக அதிகம். பைன்ட்டும் (குவார்ட்டில் பாதி) அரை காலனும் (இரண்டு குவார்ட்) அடுத்து. அரை பைன்ட் குட்டி ஜாடிகள் குறைவு, ஆகவே அதே வாசகம் பொறித்த குவார்ட்டைவிடப் பல மடங்கு விலை.

ஒரு ஜாடியைக் கையில் எடுத்தால்

முதலில் மூடியைக் கழற்றிவிட்டு விளிம்பின்மேல் விரலை ஓட்டுங்கள். இதைவிடப் பயனுள்ள சோதனை ஒன்று எனக்குத் தெரியாது.

விளிம்பு தட்டையாக, சொரசொரவென்று, மங்கலாக இருந்தால் அந்த ஜாடி வாயால் ஊதிச் செய்யப்பட்டது. தொழிலாளி ஊதுகுழலின் முனையில் உருகிய கண்ணாடியை எடுத்து, இரும்பு அச்சுக்குள் விட்டு ஊதுவார். அச்சுக்கு மேலே பிதுங்கிய கண்ணாடியை உடைத்து எடுத்துவிட்டு, கூர்மையான வாயைச் சாணைச் சக்கரத்தில் தேய்த்துச் சமப்படுத்துவார்கள். அந்தத் தேய்ப்பின் தடம்தான் விரலில் படுகிறது. பக்கவாட்டில் ஓடும் அச்சுக் கோட்டைப் பின்தொடர்ந்தால், அது நேரே விளிம்பு வரை ஏறி, தேய்த்த இடத்தில் சட்டென்று அறுபட்டு நிற்கும். விளிம்போரத்தில் சின்னச் சின்னச் சில்லுகள் பெயர்ந்திருக்கும். அது தேய்க்கும்போதே நடந்தது. விலையைப் பெரிதாகப் பாதிக்காது.

விளிம்பு வழவழப்பாக, உருண்டையாக இருந்தால் இயந்திரத்தில் செய்தது. வாய்க்குச் சற்றுக் கீழே சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு ஓடுவதும் இயந்திரத்தின் அடையாளம். பால் பிரதர்ஸ் 1890-களின் இறுதியிலேயே பாதி இயந்திரமயத்துக்கு வந்துவிட்டார்கள். மைக்கேல் ஓவன்ஸின் முழுத் தானியங்கி இயந்திரம் 1903-ல் வந்தது. அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் ஊதுகிறவர்களின் காலம் முடிந்தது. அடிப்பாகத்தில், நடுவிலிருந்து விலகிய, கரடுமுரடான பெரிய வட்டத் தழும்பு இருந்தால் அது ஓவன்ஸ் இயந்திரம் கண்ணாடியை உறிஞ்சி வெட்டிய இடம்.

அடுத்து எழுத்துகள். பால் பிரதர்ஸின் சாய்வெழுத்துப் பெயர் காலத்துக்குக் காலம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. கடைசி எழுத்துக்குப் பிறகு ஒரு கூடுதல் சுழி இருந்து, மூன்று 'எல்' இருப்பதுபோலத் தோன்றினால் அது ஏறக்குறைய 1900 முதல் 1910 வரையிலான ஜாடி. வேறு பெயர்களும் அடிக்கடி வரும்: மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் இருந்த ஹேசல்-அட்லஸ் நிறுவனத்தின் 'அட்லஸ்', 1903-ல் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்டில் தொழில் தொடங்கிய அலெக்சாண்டர் கெர் பெயரில் 'கெர்'. கெர் 1915-ல் கொண்டுவந்த தட்டையான தகட்டு மூடி, அதைப் பிடிக்கும் திருகு வளையம் என்ற இரண்டு துண்டு ஏற்பாடுதான் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. இந்த இரண்டு பெயர்களிலும் பெரும்பாலான ஜாடிகள் சில டாலர்தான்.

அச்சு வெட்டியவரின் கைப்பிழைகளும் ஆர்வத்துக்குரியவை. ஆங்கில 'என்' எழுத்து இடவலமாகத் திரும்பியிருக்கும். ஓர் எழுத்து விடுபட்டிருக்கும். பழைய பெயரை அழித்துவிட்டுப் புதிதாக வெட்டிய அச்சில் பழையதன் நிழல் தெரியும். இவற்றுக்கென்றே அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடியில் ஒரு எண் இருக்கும். அதை வைத்து ஒரு கதை ஊரெல்லாம் சுற்றுகிறது: 13 என்ற எண் ராசியில்லை என்று அந்தக் காலத்தில் உடைத்துப் போட்டார்கள், ஆகவே 13 எண் ஜாடி அரிது, விலை அதிகம் என்று. உண்மை இல்லை. ஒரே இயந்திரத்தில் பல அச்சுகள் இருக்கும். குறையுள்ள ஜாடி வந்தால் எந்த அச்சு என்று கண்டுபிடிக்கவே அந்த எண். 12 எவ்வளவு கிடைக்கிறதோ 13-ம் அவ்வளவு கிடைக்கிறது. இந்தக் கதையைச் சொல்லிக் கூடுதல் பணம் கேட்கிறவரிடம் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

போலிகள்

மலிவான பொருளுக்கும் போலி வருமா என்றால், நிறத்தால் வருகிறது.

1858 வாசகத்தோடு புதிதாக வார்த்த அலங்கார ஜாடிகள் பல பத்தாண்டுகளாகச் சந்தையில் இருக்கின்றன. பெரும்பாலும் அடர்நீலம், ஊதா, பளீர்ப் பச்சை. புதிதாக விற்கும்போது யாரும் ஏமாற்றவில்லை; கைமாறிக் கைமாறிப் பழசு என்ற பெயரில் வந்து நிற்கும்போதுதான் ஆபத்து. கண்ணாடி அளவுக்கு மீறிக் கனமாக இருக்கும். எழுத்துகள் மழுங்கித் தெரியும். அடிப்பாகத்தில் நூறு வருஷம் அலமாரியில் உரசிய கீறல்கள் இருக்காது. விளிம்பைத் தேய்த்து ஊதிச் செய்தது போலக் காட்டுவதும் உண்டு. அழுத்தமான நிறத்தில் 1858 ஜாடி சொற்ப விலைக்குக் கிடைத்தால் முதலில் சந்தேகப்படுங்கள்.

இன்னொரு வகை எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைப்பது. பழைய, நிறமற்ற ஜாடியைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி அழுத்தமான ஊதாவாகவோ பழுப்பாகவோ மாற்றுகிறார்கள். ஜாடி அசல், நிறம் செயற்கை. வெயில் ஏற்றும் ஊதா பெரும்பாலும் மெல்லியது. திராட்சை ரசம் மாதிரி அடர்ந்திருந்தால் அது வெயில் செய்த வேலை இல்லை. ஒரு தடவை இப்படி மாற்றிவிட்டால் அந்த ஜாடி சொல்லக்கூடிய தடயம் ஒன்று அழிந்துபோகிறது என்பதுதான் என் ஆதங்கம்.

பால் என்ற பெயரிலேயே 2013-ல் 'பெர்ஃபெக்ட் மேசன்' நூற்றாண்டுக்காக நீல ஜாடிகள் வெளியாயின. அடுத்தடுத்த வருஷங்களில் பச்சையும் ஊதாவும் வந்தன. நினைவுப் பதிப்பு என்று ஜாடியிலேயே தெளிவாக இருக்கும். எழுத்தைப் படிக்காமல் நிறத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

எது பழுது, எது பழுது இல்லை

கண்ணாடிக்குள் சிறு காற்றுக் குமிழ்கள், வரிவரியான அலைகள், சாய்ந்த கழுத்து, ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த அடி: இவையெல்லாம் பிழை இல்லை. குமிழ் நிறைந்த ஜாடிக்குக் கூடுதலாகக் கொடுக்கிறவர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சிதான். ஜன்னலோரம் வைத்தால் உள்ளே வெளிச்சம் உடைந்து உடைந்து தெரியும்.

விரிசல் மட்டும் மன்னிக்க முடியாதது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மெதுவாகச் சுழற்றினால், ஒரு கோணத்தில் பளிச்சென்று மின்னி மறையும். அடிப்பாகமும் அடியிலிருந்து பக்கம் திரும்பும் வளைவும் கவனமாகப் பார்க்க வேண்டிய இடங்கள். சாதாரண ஜாடியில் விரிசல் என்றால் விலையே கிடையாது.

வெள்ளையாக மங்கிப்போன ஜாடிகளில் இரண்டு வகை. ஒன்று, தண்ணீரின் உப்பு படிந்த படலம். வினிகரில் ஒரு ராத்திரி ஊற வைத்தால் பெரும்பாலும் போய்விடும். இன்னொன்று, மண்ணில் புதைந்து கிடந்து கண்ணாடியின் மேல்பரப்பே அரித்துப்போனது. இது எதில் கழுவினாலும் போகாது. செம்புத் துணுக்குகளும் மெருகுத்தூளும் சேர்த்து, ஜாடியை உருளைக்குள் நாள்கணக்கில் சுழல விட்டு மெருகேற்றுகிறார்கள். நன்றாகச் செய்தால் பளபளப்பு திரும்பும். ஆனால் எழுத்துகளின் கூர்மை கொஞ்சம் குறையலாம். மெருகேற்றியதா என்று விற்கிறவரிடம் கேட்பதில் தவறே இல்லை. கழுவும்போது வெந்நீர் வேண்டாம். பழைய கண்ணாடி திடீர் சூட்டைத் தாங்காது.

மூடி விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். சாதாரண மேசன் ஜாடிக்குத் துத்தநாக மூடி தனியாகவே மலிவாகக் கிடைக்கும், ஆகவே மூடி இல்லாமல் வாங்கினாலும் பரவாயில்லை. ஆனால் தனி வடிவக் கவ்வியோ கண்ணாடி மூடியோ கொண்ட அரிய ஜாடி, அது இல்லாமல் வந்தால் மதிப்பில் பெரும்பகுதி போய்விட்டது என்று அர்த்தம். வேறு ஜாடியின் மூடியைப் பொருத்தி விற்பதும் நடக்கிறது. மூடியில் இருக்கும் பெயரும் தேதியும் ஜாடியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

எங்கே தொடங்கலாம்

முதல் ஜாடியாக ஒரு நீலக் குவார்ட்டை வாங்குங்கள் என்பேன். விலை குறைவு, உடைந்தாலும் நஷ்டமில்லை. அதோடு விளிம்பு தேய்த்த 1858 ஜாடி ஒன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்து விரலால் பழகினால், ஊதியதற்கும் இயந்திரத்துக்கும் உள்ள வித்தியாசம் கைக்கு வந்துவிடும். அப்புறம் ஒரு பாதையைத் தேர்ந்துகொள்ளலாம்: மூடி வகைகளா, ஒரே வாசகத்தின் வெவ்வேறு நிறங்களா, ஒரே ஊரின் ஜாடிகளா. எல்லாவற்றையும் வாங்கினால் வீடு நிறையும், அறிவு நிறையாது.

நியூஜெர்சியில் இருக்கும் தமிழர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. இந்தக் கதையின் முதல் பாதி அந்த மாநிலத்தில்தான் நடந்தது. எடிசன் என்ற ஊருக்குப் பக்கத்திலிருக்கும் நியூ பிரன்ஸ்விக்கில்தான் மேசனின் உரிமைகளை வைத்திருந்த கன்சாலிடேட்டட் ஃப்ரூட் ஜார் கம்பெனி இருந்தது. அதன் பெயரின் முதலெழுத்துகள் பொறித்த ஜாடிகள் இன்றும் கிடைக்கின்றன. தெற்கே போனால் மில்வில்லில் அமெரிக்கக் கண்ணாடிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதே வளாகத்தில் உலைக்கு முன் நின்று கண்ணாடி ஊதுவதை நேரில் பார்க்கலாம். பார்த்துவிட்டு வந்தால் விளிம்பின் சொரசொரப்பு ஏன் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. இண்டியானா பக்கம் போகிறவர்களுக்கு மன்சியில் பால் குடும்பத்து நிலத்திலேயே அமைந்த மினெட்ரிஸ்டா அருங்காட்சியகம் உண்டு.

வாங்குவதற்குக் கராஜ் சேல், பண்ணை வீட்டு ஏலம், வாரச் சந்தை ஆகியவை நல்ல இடங்கள். இணையத்தில் விற்கக் கேட்கும் விலையைப் பார்த்து மதிப்பிடாதீர்கள். விற்று முடிந்த விலை எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் பத்து மடங்கு வித்தியாசம்கூட இருக்கும்.

கடைசியாக ஒன்று. பழைய ஜாடியில் பருப்பு போடலாம், பொத்தான் போடலாம், பூ வைக்கலாம். ஆனால் உணவைக் கொதிக்க வைத்து அடைக்கும் வேலைக்கு எடுக்க வேண்டாம். சூட்டில் அடி கழன்றுவிடும் அபாயம் உண்டு. பழைய துத்தநாக மூடி ஒழுங்காக அடைத்துக்கொண்டதா என்று உறுதி செய்யவும் வழியில்லை. அந்த வேலைக்குப் புது ஜாடியும் புதுத் தகட்டு மூடியும் சில டாலருக்குக் கிடைக்கின்றன. பண்ணை வீட்டு நிலவறையிலிருந்து உள்ளே பழத்தோடு அப்படியே மூடிய ஜாடி கிடைத்தால், எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் ருசி பார்க்காதீர்கள். திறக்கவும் வேண்டாம்; பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அப்படியே குப்பையில் போட்டுவிடுங்கள்.